காணிக்கைக் கவரில் ஒரு குட்டி போன்

என் வீட்டுக்காரர் சுந்தர்சிங்குக்கு எதையும் அளக்காமல் வாங்க வராது. கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். முப்பது வருஷமாகக் கோடு போட்டுப் போட்டு, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் அவர் சட்டைப் பையிலேயே குடிவந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அது பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கத்தரிக்காய் வாங்கினால் நீளம் பார்ப்பார். தோசை சுட்டுப் போட்டால் விட்டம் சொல்வார். "ரத்னா, நேத்தைக்கு இதைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிசா இருந்துச்சு" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு மூன்றாவது தோசையை அவரே சுட்டுச் சாப்பிட்டார். நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்கும் அளவு பிடிக்கும். ஆனால் சாப்பாட்டு மேசையில் பிடிக்காது.

அவரிடம் முன்பு பெரிய போன்தான் இருந்தது. சிறுசேரியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஸ்டெபின் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஆபீஸ் முடிந்து ரயிலில் தாம்பரம் வந்துகொண்டிருந்தபோது அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டியிருக்கிறது. ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்குப் போன் செய்யப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய போன் ஒற்றைக் கைக்கு அடங்குமா? நழுவி, கதவு வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்விட்டது. யாரோ புண்ணியவான்கள் குரோம்பேட்டையில் இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள். "யாருக்கு சார் சொல்லணும்?" என்று கேட்டவர்களிடம் சொல்ல என் நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை அளவும் மனப்பாடம், பெண்டாட்டி நம்பர் இல்லை.

நான் தாம்பரம் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நடைமேடை நடைமேடையாக அலைந்தேன். ஒவ்வொரு ரயிலாக வந்து காலியாகிப் போனது. கடைசியில் ஒன்றிலிருந்து அவரே மெல்ல இறங்கி வந்தார். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் என் விரோதிக்கும் வரக்கூடாது.

அதற்கப்புறம்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒற்றைக் கையில் அடங்குகிற போன் வேண்டும். அதுவரை சரி. அதற்கு அவர் வைத்த பரீட்சைகள் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஆசிப் என்கிற பிள்ளையின் கடை. உள்ளே போனதும் இவர் ஸ்கேலை எடுத்தார்.

"சார், எல்லாரும் கேமரா கேப்பாங்க, பேட்டரி கேப்பாங்க. ஸ்கேல் வச்சு அளக்குறது நீங்கதான்" என்றான் ஆசிப்.

"தம்பி, அகலம் அறுபத்தஞ்சு மில்லிமீட்டருக்கு மேல போனா என் கட்டைவிரல் எதிர்மூலைக்கு எட்டாது. எட்டாத மூலை எனக்கு எதுக்கு?"

ஒவ்வொரு போனாக வலது கையில் வைத்துக் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார். பிறகு இடது கையால் கடை ஷட்டரைப் பிடித்துத் தொங்கினார். ரயில் ஆடுகிற மாதிரி உடம்பை ஆட்டிக்கொண்டே என் நம்பரை அழுத்தினார். அப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து செருப்பு வாரைத் தொட்டார். இரண்டு போன் விழப் பார்த்தன, ஆசிப் பாய்ந்து பிடித்தான். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. நான் பக்கத்துக் கடையில் வாளி விலை கேட்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

கடைசியில் ஷோகேஸ் மூலையிலிருந்து ஆசிப் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "சார், இந்த சைஸ் இப்ப யாரும் செய்யறதில்ல. எல்லாருக்கும் பெரிசுதான் வேணும். இது ஒண்ணுதான் மிச்சம். தொலைச்சிடாதீங்க, திரும்பக் கிடைக்காது."

எல்லாப் பரீட்சையிலும் பாஸ். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஸ்டெபின் பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தார். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பேட்டரி செத்துவிடும், "காலையில நாலு மணிக்கு எழுந்து உழைக்குதில்ல?" என்பார். வீடியோ காலில் ஸ்டெபினின் நெற்றி வரும், வாய் வராது. "குரல் கேக்குதே" என்பார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, கடைசியில் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். குறை எல்லாம் எங்கள் கண்ணில்தான், போனில் ஒரு குறையும் கிடையாது. நான் அதைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் தினமும் கிண்டியில் ரயில் ஏறியதும் அந்தத் தீப்பெட்டியிலிருந்து ஒற்றைக் கையால் எனக்கு ஒரு கால் வந்துவிடும். அந்தக் கால் வந்த பிறகுதான் நான் அரிசி களைவேன்.

வம்பு வந்தது உறையால். எந்த பிளாஸ்டிக் உறை போட்டாலும் மூன்று மில்லிமீட்டர் கூடுகிறதாம். மூன்று மில்லிமீட்டர் கூட்டுவதற்கா ஊரெல்லாம் அலைந்து வாங்கினேன் என்று கத்தினார். கீறலும் விழக்கூடாது, பருமனும் கூடக்கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் சபையில் மாதக் காணிக்கைக்கு என்று வீட்டுக்கு வீடு பழுப்பு நிறக் கவர் கட்டுக் கொடுப்பார்கள். தடித்த காகிதம், மேலே குடும்பப் பெயர். அளந்து பார்த்தார். போனுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா? பருமன் கூடவே இல்ல" என்று என்னிடம் காட்டினார்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

அந்த மாதம் முதல் ஞாயிறு. ஆராதனைக்குப் போனால் போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். அணைத்து, கவரில் போட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதே பையில் நிஜமான காணிக்கைக் கவரும் இருந்தது. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்; கூட உட்கார்ந்திருந்தால் நான் கையைப் பிடித்திருப்பேன். இவருக்குப் பாட்டு வந்துவிட்டால் கண் மூடிக்கொள்ளும். நீளக் கைப்பிடி போட்ட வெல்வெட் பை வந்தது. கண்ணைத் திறக்காமலே கவரை எடுத்துப் போட்டார். பை சட்டென்று கீழே இறங்கியது. பை பிடித்திருந்த ஜெரோம், அண்ணன் இந்த மாதம் சில்லறையாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாராம்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று போனைப் போடலாம் என்று கவரைப் பிரித்தார். உள்ளே நோட்டு.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து நான் சர்க்கரைதான் இறங்கிவிட்டது என்று கைப்பையில் மிட்டாய் தேடினேன்.

போதகர் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்கென்ன அண்ணே, கவரை மாத்திக் குடுத்துட்டு போனை எடுத்துட்டுப் போங்க" என்றார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை.

"இல்லீங்க ஐயா" என்றார் என் வீட்டுக்காரர். "பீடத்துல வச்சு ஜெபம் பண்ணியாச்சு. இனிமே அது ஆண்டவரோடது. என் தப்புக்காக அதைத் திரும்ப எடுக்கக் கூடாது."

"ஏங்க, ஆண்டவர் யாருக்குப் போன் பண்ணப் போறார்?" என்றேன். முறைத்தார். கோணலாகக் கோடு போடவே தெரியாத ஆளிடம் என்ன பேசுவது?

அப்போது எங்கள் சபைச் செயலர் சாலமன் நுழைந்தார். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போகும். வாங்கினவரே அதைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பார். "அண்ணே, அதையும் ஏலத்துல வச்சிடறேன். முறையா கேட்டு எடுத்துக்குங்க" என்றார் சாலமன். என் வீட்டுக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. சிம்மைக்கூடக் கழற்றாமல் போன் சபை அலுவலகப் பீரோவுக்குள் போனது.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்க மாட்டேன். ஸ்டெபினின் பழைய போனைக் கொடுத்தோம். அது சட்டைப் பையில் நிற்காது. ஜிப் வைத்த பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். கண் இருட்டினால் எந்தக் கையால் ஜிப்பைத் திறப்பார்? தினமும் சாயங்காலம், காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் இருந்து அவர் இறங்குவதைப் பார்த்ததும் திரும்பி, மார்க்கெட் பக்கமிருந்து வருகிற மாதிரி நடப்பேன். வீட்டில் முருங்கைக்காய் பதினெட்டு சேர்ந்துவிட்டது.

பண்டிகை ஞாயிறும் வந்தது. அவருக்கு வாசலில் வண்டி நிறுத்துகிற பொறுப்பு, பச்சை பேட்ஜ் குத்தியிருந்தார்கள். போன் நாற்பதாவது பொருள், சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று சாலமன் சொல்லியிருந்தார். ஆனால் பன்னிரண்டாவது பொருளான சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஹாலுக்குள் ஓட, நாலு பேர் அதன் பின்னால் ஓட, அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம் என்று சாலமன் கைக்கு அகப்பட்டதைத் தூக்கினார். அகப்பட்டது போன்.

"ஒரே ஓனர்! நம்ம சபைக்காரர்! ஞாயித்துக்கிழமை தவறாம ரெஸ்ட் குடுத்து வச்ச செல்போன்!" என்று மைக்கில் கத்தினார்.

எனக்குப் பகீரென்றது. மனுஷர் வாசலில் ஸ்கூட்டர் அடுக்கிக்கொண்டிருக்கிறார். உடனே கூப்பிடலாம் என்று என் போனை எடுத்து அவர் பெயரையும் அழுத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த நம்பர் மேசை மேல் பலாப்பழத்துக்குப் பக்கத்தில் அணைந்து கிடக்கிறது. ஸ்டெபினின் பழைய போனோ ஜிப் பையோடு வீட்டில்.

"ஐநூறு!" என்று நானே கத்தினேன்.

"பெண்கள் பக்கம் ஐநூறு! கதவுப் பக்கம் ஆயிரம்!" என்றார் சாலமன்.

குரல் கேட்கவில்லை, கையைத்தான் தூக்குகிறார்கள் போலிருக்கிறது. யாரது என்று எட்டிப் பார்த்தேன். நான் குள்ளம். நடுவில் தூணோடு கட்டியிருந்த கரும்புக்கட்டு வேறு. ஒன்றும் தெரியவில்லை.

"ஆயிரத்து ஐநூறு!"

"கதவுப் பக்கம் ரெண்டாயிரம்!"

எந்தப் பாவியோ வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. உனக்கு அது விளையாட்டுச் சாமான், எனக்கு அப்படியா? அந்த ஆகஸ்ட் மாதச் சாயங்காலம் உனக்குத் தெரியுமா? நான் ஏற்ற ஏற்ற, கதவுப் பக்கமும் ஏறியது. என்னைச் சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாலமன் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட அதை இடுக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கதவுப் பக்கம் எட்டாயிரம்! அக்கா, என்ன சொல்றீங்க?"

அதற்கு மேல் எங்கள் வீட்டில் கையிருப்பு கிடையாது. "எட்டாயிரத்து ஐநூறு" என்றேன்.

சாலமன் கதவைப் பார்த்தார், அங்கே கை எழவில்லை போல. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஹாலே கைதட்டியது.

போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்தப் பாவியின் முகத்தைப் பார்த்தே தீருவது என்று கதவுப் பக்கம் போனேன். ஒரு மர ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார், பச்சை பேட்ஜோடு.

"நீங்களா?"

"ஆமா. மைக் சத்தம் கேட்டு ஓடி வந்துட்டேன்."

"எதிர்ல கேக்குறது நான்னு தெரியலையா?"

"முதல் தடவையே தெரிஞ்சுது. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா ஏத்துனீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"ஒரு வருஷமா தீப்பெட்டி தீப்பெட்டின்னு சொன்னே" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அதுக்கு நீ எவ்வளவு தூரம் வருவேன்னு பாத்தேன்."

அளந்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் போனை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் குறி தெரியவில்லை.

"போனுக்கா வந்தேன்? உங்களுக்கு வந்தேன். நீங்க நிறுத்தலைன்னா இன்னும் வந்திருப்பேன்" என்றேன்.

"தெரியும். அதான் நிறுத்திட்டேன்."

"எப்படித் தெரியும்? கரும்புக்கட்டுல எனக்கு உங்க தலைகூடத் தெரியல."

"நான் ஸ்டூல் மேல நின்னேனே" என்று சொல்லி என் வலது கையைக் காட்டினார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பொன் வளையல் பாதி உள்ளங்கை வரை இறங்கி வந்திருந்தது. எப்போது கழற்ற ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைப் பிடித்து, மெதுவாக, மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிவிட்டார்.