விளக்குப் பெட்டிக்குள் ஒரு பொட்டு

கணவர் போன பிறகு அஸ்தினாபுரத்து வீட்டில் தீபாவுக்குப் பேச்சுத்துணை இல்லை. பெற்ற ஒன்றும் பெங்களூரில். வண்டலூர் தாண்டி, அவர் வேலை பார்த்த மருந்து ஆய்வுக்கூடத்தில் ஒரு விளக்குப் பெட்டி இருந்தது. பகலெல்லாம் அதன் முன்னால்தான்.

மருந்து மூலக்கூறில் உள்ள தட்டை வளையத்தைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும். அதற்குப் பதில், குறுக்கே பாலம் போட்ட வளையம் வைத்தால் தாங்கக்கூடும். தீபா செய்துகொண்டிருந்த பாலம் சூட்டில் அமையாது. விளக்குப் பெட்டியின் நீல ஒளி பட வேண்டும்.

மூலப்பொருள் ஒரு குப்பியளவே மிச்சம். இதுவும் தவறினால் ஒளி வேலையை மூடிவிட்டு, அவரை ஆவணப் பிரிவுக்கு மாற்றுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நானே பொரி வாங்கியாந்துட்டேன். நீங்க தேங்காயாவது உடைங்கப்பா," என்றான் பக்கத்து மேசை மெர்வின். சிரித்தார்கள்.

பொட்டு வைக்கத் தீபாவை யாரும் கூப்பிடவில்லை. கணவனை இழந்தவர், சங்கடப்படுவார் என்று நினைத்திருக்கலாம். பொரிப் பொட்டலம் மட்டும் மேசைக்கு வந்தது.

எல்லோரும் கிளம்பியதும் கிண்ணத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை வழித்தார். வெளியே வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பெட்டியைத் திறந்து, விளக்கை மூடிய கண்ணாடியில் தடிப்பாக வைத்தார். மேலே குங்குமம்.

விடுமுறை முடிந்து வந்ததும் குப்பியை மேல்துளை வழியே இறக்கி, விளக்கைப் போட்டார். பொட்டு உள்ளே இருப்பது தெரியும். அது ஒளியை மறைக்கும் என்றுதான் தோன்றவில்லை. இருபது வருட வேதியியல்காரருக்கு.

மதியம் சோதித்தபோது பாலம் கால்வாசிகூட அமையவில்லை.

"லைட்டுக்கும் லீவு விட்டாச்சாக்கா?" மெர்வின் பெட்டிக் கதவில் கை வைத்தான்.

"இரு மெர்வின்."

மஞ்சள் சந்தனம் நீலத்தை விழுங்கும். அப்போதுதான் உறைத்தது. திறக்காவிட்டால் பழி விளக்கின் மேல் போகும், வேலையும் போகும். திறந்தால் இவன் பார்ப்பான்.

திறந்தார்.

"உள்ள யாருக்கா வெச்சது?"

"நான்தான்."

மெர்வின் காகிதத்தை அசிட்டோனில் நனைத்து நீட்டினான். தீபா தன் கையாலேயே பொட்டை அழித்தார். கண்ணாடி சுத்தமான பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே குப்பியை மறுபடி இறக்கி விளக்கைப் போட்டார். மாலைக்குள் பாலம் அமைந்தது. வேலை நிலைத்தது.

"அடுத்த வருஷம் மொத பொட்டு நீங்கதான்க்கா. வெளிய, எல்லார் முன்னாடியும். எவன் கேக்குறான்னு பாத்துடலாம்."

"பாக்கலாம்டா."

அந்தப் பூஜை வருமுன், அடுத்த ஆவணியிலேயே தீபா இறந்துபோனார்.