ஒன்பது மாரியாயிகளின் பக்க எண்கள்

சுதர்சினி அக்கா எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் பக்க எண்ணைத் தொடுவார். வலக்கைச் சுண்டுவிரலின் நுனி, தாளின் அடியில் அந்த எண்ணின்மேல் ஒரு மூச்சு நேரம் நிற்கும். பிறகுதான் கண் வரிகளுக்குப் போகும். கல்யாண அழைப்பிதழில் எண் இருக்காது. அங்கும் விரல் போய்த் தேடிவிட்டு வெட்கத்தோடு திரும்பும்.

பதுளையில் நஸீர் நானாவின் அச்சகத்தில் பதினொரு வருடமாகக் கணினியில் பக்கம் அமைக்கிறார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவர். நான் அடுத்த மேசையில் பிழை பார்ப்பவன்.

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் தங்கராஜா, தன் தோட்டத்து மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக் கொண்டுவந்தார். கடைசியில், யார் பெயர் எந்தப் பக்கம் என்று காட்டும் பெயரடைவு வேண்டும் என்றார்.

"படிக்கத் தெரியாதவங்ககூட, எங்க பேரு எத்தனாம் பக்கம்னு கேப்பாங்கம்மா. அது மட்டும் தப்பக் கூடாது."

அந்தத் தோட்டத்தில் மாரியாயி மட்டும் ஒன்பது பேர். பெயரை மட்டும் குறித்தால் ஒன்பது பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அதனால் அக்கா ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எந்த லயத்து வீடு, எந்தக் கங்காணியின் ஆள், யார் மகள் என்று நீளமாக ஒரு மறைகுறி போட்டார். அது அச்சில் வராது. கணினி அந்தக் குறிகளைத் திரட்டித் தானே பெயரடைவு செய்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. வெள்ளிக்கிழமை காலை படியெடுத்துப் பார்த்தால் பெயரடைவின் எண்கள் பிசகியிருந்தன. நாற்பதாம் பக்கம்வரை சரி. பிறகு ஒன்று கூடியது, பிறகு மூன்று. கடைசியில் பதினொன்று.

நஸீர் நானா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, மாரியாயி வீட்டுக்குப் போனா முனியாண்டி கதவத் தொறக்கிறானே! நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும், தெரியுந்தானே?"

அக்கா பெயரடைவை மூன்று தரம் புதிதாக உருவாக்கிப் பார்த்தார், அதே எண்கள். அறுநூறு பெயரையும் கையால் சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும். மதியச் சாப்பாட்டை அவர் பிரிக்கவேயில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி தப்புனா பரவாயில்ல தம்பி. போகப் போகக் கூடுது பாருங்க. உள்ள என்னமோ பெருத்துக்கிட்டே போகுது."

சொல்லிவிட்டு, அச்சுத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். தாளில் 203. திரையில் 214.

"அட! நான் ஒளிச்சு வச்சதுங்கதான் எடத்தப் புடிச்சிருக்கு!"

சரிபார்க்க வசதியாக மறைகுறிகளைத் திரையில் தெரியும்படி விட்டிருந்தார். கணினி அவற்றையும் வரிகளாக எண்ணி, பக்கங்களைத் தள்ளியிருக்கிறது. மறைத்தார். திரையிலும் 203 ஆனது. பெயரடைவை மீண்டும் உருவாக்கினார்.

"மாரியாயி, நாலாம் லயம்," என்றேன்.

"நூத்திப் பதினேழு." தாளைப் புரட்டினார். இருந்தாள். ஒன்பது மாரியாயிகளும் அவரவர் பக்கத்தில் இருந்தார்கள். முனியாண்டியும் தன் வீட்டுக்குப் போயிருந்தான். அக்கா சிரித்துக்கொண்டே சோற்றுப் பொதியைப் பிரித்தார். மணி மூன்றரை.

"சரியாப் போச்சுங்க நானா!"

"ம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஞாயிறன்று பசறை மண்டபத்தில் தங்கராஜா ஐயா என்னிடம், "மெஷின் திருந்திருச்சா தம்பி?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பகலே நஸீர் நானா அவருக்குப் போன் செய்து, அச்சு மெஷின் பழுது, வெளியீட்டை ஒரு கிழமை தள்ளி அடுத்த ஞாயிறு வையுங்கள், பிழை எங்களுடையது என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நாலு மணிக்கு மறுபடி போன் எடுத்து, திருத்தியாகிவிட்டது என்றாராம். அக்காவின் பேச்சையே எடுக்கவில்லையாம். மெஷினுக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை.