துடைத்தால் போகாத வெள்ளை

போன வருஷம் மார்கழி கடைசியில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

"இன்னாமே இது, மொளகா மூட்டையவே கொட்டிட்டியா? வாயெல்லாம் எரியுது."

எனக்கு வந்ததே கோபம். கல்யாணமான நாளிலிருந்து அதே கைப்பக்குவம், அதே மிளகாய்த்தூள். பக்கத்தில் என் பெண் அதே குழம்பை ஊற்றிக்கொண்டு மறுசோறு கேட்கிறாள். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே இந்தப் புகார் இருந்தது. ரசம் எரிகிறது, ஊறுகாய் எரிகிறது, டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தார். சமைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. கைபேசி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், "வாயைத் தொற" என்றேன்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேர்வாய் கண்டிகையில், கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் நான் கடைசிப் பரிசோதனை பார்க்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று தேடுவதுதான் பிழைப்பு. ஏதாவது கண்ணில் பட்டால் முதல் காரியம் துணியால் துடைப்பது. போய்விட்டால் தூசி. போகாவிட்டால் கோளாறு. நல்லதற்குப் பச்சை டேக், கெட்டதற்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சள் டேக் கட்டித் தனியாக வைப்போம், அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் பார்த்து முடிவு சொல்லும் வரை அந்தப் பாகம் அங்கேயே இருக்கும். இந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மணமக்களை விட்டுவிட்டு மண்டபத்துச் சுவரில் திட்டுத் தேடுகிறேன் என்று என் பெண் கேலி செய்வாள்.

அந்தக் கண்ணோடுதான் அவர் வாய்க்குள் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், கீழ் ஈறு சேரும் இடத்தில், புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர் மாதிரி சொரசொரப்பாக இருந்தது.

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அது அவர் மாவா அடக்கும் இடம். சீவல், சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்துத் தேய்த்து மடித்துத் தரும் பொட்டலம்தான் மாவா. விற்கக் கூடாது என்கிறார்கள். கிடைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலைப் பக்கம் நிற்பவர். உள்ளே பீடி பிடிக்க முடியாது, மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரவும் முடியாது. அனல் தாங்க எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பார்கள். துணிக்குப் பின்னால் கன்னத்தில் என்ன அடங்கியிருக்கிறது என்று எந்த மேலாளருக்குத் தெரியும்?

சுத்தமான துணியை நனைத்து, விரலில் சுற்றித் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

"போவலய்யா" என்றேன்.

"சூட்டுப் புண்ணுமே. ஃபர்னஸ் கிட்ட நின்னுக்கினு கீறவனுக்கு வாய் வெந்து போவாதா? எங்க ஷிப்டுல பாதிப் பேருக்குக் கீது. மோரு குடிச்சா சரியாப் பூடும்."

ஆக, இது அவருக்கு முன்பே தெரியும். உலைப் பக்கம் நிற்கிறவர்களில் பாதிப் பேர் வாயில் வெள்ளையை வைத்துக்கொண்டு, அனல் சூடு என்று சொல்லி மோரும் மணத்தக்காளிக் கீரையுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

"யோவ், அனல்ல வந்துதுன்னா ரெண்டு கன்னத்துலயும் தானேய்யா வரணும்? நீ அடக்குற பக்கம் மட்டும் தேடிக்கினு வந்து உக்காருமா அந்தச் சூடு?"

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "கத்தி வச்சா பரவிடும்மே. ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிக்கினவன் எவன் நல்லாகீறான்?"

புற்றுநோயாக இருக்குமோ என்று அவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. என் குழம்பு மேல் பழி போட்டதெல்லாம் இந்தப் பயத்தில்தான். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் இன்னும் பயப்படுவார். சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு மஞ்சள் டேக் அடியில் கிடந்தது. அதை அவர் சட்டைப் பித்தானில் கட்டினேன்.

"இப்ப நீ ஹோல்டுல கீற. ரிஜெக்ட்டுன்னு யாரும் சொல்லல. ஆனா டாக்டர் பாக்காம நான் ஓகே போட மாட்டேன்."

பயந்த முகத்திலேயே சிரித்துவிட்டார். மறுநாளே அவரைப் பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுத் துணியால் அந்த வெள்ளையை முதலில் என்ன செய்தார் தெரியுமா? துடைத்துப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நானும் அதத்தான் மேடம் பண்ணேன்" என்று சொல்லியும்விட்டேன்.

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க அக்கா. ஆனா துடைச்சாப் போறதும் சும்மா விடக் கூடாது, அது பெரும்பாலும் பூஞ்சையா இருக்கும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு, பல் செட்டு வச்சிருக்கிறவங்களுக்கு வரும், மருந்துல சரியாயிடும். துடைச்சும் போகலன்னா புகையிலையா இருக்கலாம், கூரான பல் உரசுறதா இருக்கலாம். அண்ணனுக்கு ரெண்டுமே இருக்கு" என்றார். அதே பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் உடைந்து கூர்மையாக நின்றது.

வந்தது வந்தோம் என்று நானும் வாயைத் திறந்து காட்டினேன். முந்தின நாள் கண்ணாடியில் பார்த்தபோது என் ஈறு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்ததில் அரை உயிர் போயிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். "இது உங்க பிறவி நிறம் அக்கா. தோல் மாதிரி ஈறுக்கும் நிறம் உண்டு. புதுசா ஒரு இடத்துல கறுத்தாலோ பரவினாலோதான் காட்டணும்." அவ்வளவு பயத்திலும் என் வீட்டுக்காரர் விடவில்லை. "ஊரு பூரா நொட்டை சொல்ற இன்ஸ்பெக்டரம்மா வாயிலயே ஷேடு மாறிக்கீது" என்றார்.

டாக்டர் அந்தப் பல்லின் கூரைத் தேய்த்துவிட்டார். மாவாவை அடியோடு நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "இது புற்றுநோய்னு நான் சொல்லல. இல்லன்னும் இப்ப சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பி, "ஹோல்டு" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இல்லை. தலைவலி என்பார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். "பேஜாரு பண்ணாதமே" என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு பேச்சே பேசவில்லை. பையில் பொட்டுக்கடலையைப் போட்டு அனுப்பினேன். துணி கட்டிய வாயோடு அவர் கடலை மெல்வதைப் பார்த்து ஷிப்டே சிரித்ததாம். சிரிக்கட்டும் என்று மென்றார். ஒரு பொட்டலம்கூட வாங்கவில்லை. அந்தப் பிடிவாதம் என்னுடையது இல்லை, முழுக்க அவருடையது.

இரண்டு வாரம் கழித்துப் பொன்னேரிக்குப் போய்க் காட்டியபோது வெள்ளை பாதி மங்கியிருந்தது, பாதி அப்படியே நின்றது. சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சென்னையில் அரசுப் பல் மருத்துவமனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். எடுத்துப் பார்ப்பதால் பரவாது, பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வந்த ரயிலில் இவர் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பெஞ்சில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, எங்க கம்பெனில ஒண்ணா வந்த சரக்க லாட்டுன்னுவோம், அதுல சந்தேகம் வந்தா ஒரு பீஸ வெட்டிப் பாப்பாங்க. மீதி லாட்ட காப்பாத்தத்தான் வெட்டுறது. நீ போய்ட்டா நானும் பொண்ணும்தான்யா மீதி லாட்டு" என்றேன். அடுத்த ரயில் வந்ததும் எனக்கு முன்னால் அவர் ஏறினார்.

முடிவு வரும் வரை நான் எத்தனை பாகத்தைத் தப்பாகப் பார்த்து அனுப்பினேனோ, தெரியாது. முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மிச்சமிருந்த திட்டை மரத்துப்போக ஊசி போட்டு முழுவதும் எடுத்துவிட்டார்கள். அன்றே ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள், காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். புண் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னம் குழந்தை வாய் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. நான் எத்தனையோ பளபளப்பான பாகங்களைப் பார்த்தவள், அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் செருப்புக் குவியல். வாய்ப் புண்ணுக்கு மோர் குடித்தே காலம் தள்ளிய அவருடைய ஷிப்டு ஆட்கள்! என் வீட்டுக்காரரே கையில் டார்ச்சோடு நின்று, "வாயத் தொறங்கடா, வெக்கப்படாதீங்க" என்று வரிசை கட்டினார். நான் டாக்டர் இல்லை, பார்த்துப் பொன்னேரிக்கு அனுப்ப மட்டும்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒருவருக்கு வெள்ளை துடைத்ததும் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் அவர் தின்ற தேங்காய் பர்பி! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இருவருக்குப் போகவில்லை. அவர்களை என் வீட்டுக்காரரே கையோடு பொன்னேரிக்குக் கூட்டிப்போனார். மாவா அடக்கின அந்தக் கன்னத்தைக் காட்டிக் காட்டியே, மாவாவை விடச் சொல்லி இப்போது அவர் பேசும் பேச்சைக் கேட்க வேண்டும்.

அன்று அவர்கள் போனபின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். எரிச்சல் வந்த நாளிலிருந்து பழகிய பழக்கத்தில் மிளகாய்த்தூளைக் குறைத்தே போட்டிருந்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமே, காரமே இல்லியே?"

சண்டைக்குப் போகாமல் அடுப்படிக்கு ஓடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அப்புறம் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து வந்து தாராளமாகத் தூவினேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது காரம் என்று சொன்னால், குழம்பை ருசி பார்ப்பதற்கு முன் நான் எடுப்பது டார்ச்சைத்தான்.