குடிகாட்டிலிருந்து சிதம்பரத்துக்கு, மாமா போட்டிருந்த லீவில்

2008 ஜூலை. சேலத்தில் இரவு ஏறிய பேருந்து விருத்தாசலம், வடலூர் வழியாக வந்து விடியும்போது என்னைக் கடலூரில் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே டீ மூன்று ரூபாய். குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்தேன். முதுநகரைத் தாண்டி, உப்பனாற்றை ஒட்டியே போய், ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த சிப்காட் நிறுத்தத்தில் இறங்கினால் குடிகாடு நடக்கிற தூரம்தான். அங்கேதான் என் அக்கா செல்வியின் வீடு.

அக்காவின் கணவர் வேலாயுதம் மாமா இறந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. சாயத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டர். முதுநகரில் மீன் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் தூங்கினால் அவருக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் போய் வயல் மோட்டார்களைச் சரிசெய்வார். அவ்வளவு உழைத்தும் அலுப்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசினால் எதிரே இருப்பவர் சிரித்தாக வேண்டும், அவருக்கு அதுதான் கணக்கு.

மகள் தேன்மொழிக்குச் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. அது கிடைக்கும் என்று தெரிந்த அன்றே மாமா எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், கெமிஸ்ட்ரி படிக்கப் போறாளாம். தெனம் காத்துலியே ஓசியா வந்துட்டு இருக்குது, அதுக்கு எதுக்குடி சிதம்பரம்னு கேட்டேன். மொறைக்கிறா."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆஸ்டல்லியே இருக்கட்டும். மூணு வருஷமாவது நல்ல காத்துல இருக்கட்டும்" என்றார். மகளைச் சேர்க்கும் நாளுக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டதாகவும், புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். உடம்பு சரியில்லை என்று இல்லாமல் அவர் போட்ட லீவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த நாளுக்காகத்தான் நான் வந்திருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாமாவின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், கூடத்தில் நின்றிருந்தார்.

"வருஷம் திரும்பறதுக்குள்ள நீ வாசல் தாண்டக் கூடாதும்மா. நாலு பேரு பேசுவாங்க. நானும் உன் தம்பியும் கூட்டிட்டுப் போறோம்."

அக்கா பெட்டியில் துணிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அவுரு போறேன்னு சொன்ன எடம், பெரிய மாமா. அவுரு இல்லன்னா நான்தான் போவணும்."

"நான் வேணாங்கல. ஊரு என்ன சொல்லும்னுதான்..."

"ஊரு சொல்லட்டும். எம்பொண்ணு தனியாப் போயி நிக்கக் கூடாது."

 பெரிய மாமா பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். நிறுத்தத்தில் எங்களை ஏற்றிவிட்டு, பேருந்து கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.

அந்தப் பக்கம் ரயில் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்ததால் கூட்டமெல்லாம் பேருந்தில்தான். சிதம்பரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு விவசாயி தேன்மொழியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பிட்டரு பொண்ணுதான நீ? மூக்கு அப்படியே இருக்குது." பிறகு அக்காவைப் பார்த்தார். "சேதி லேட்டாத்தான் தெரிஞ்சுதும்மா. வர முடியல."

அக்கா தலையை ஆட்டினாள்.

"ஒரு தடவ எம் மோட்டாரு ஓடல. காத வச்சுக் கேட்டாரு. என்னாய்யா சொல்லுதுன்னேன். உம் பொண்டாட்டி சொல்றதத்தான் இதுவும் சொல்லுது, ஒழுங்கா கவனிக்கறதில்லையாம்னாரு. எம் பொண்டாட்டி பக்கத்துலதான் நிக்கறா. அன்னிக்கி அவருக்குக் கோழியடிச்சுப் போட்டுட்டா."

அக்கா சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். மூடிய முந்தானையை அவள் எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பேருந்து புவனகிரிப் பாலத்தில் வெள்ளாற்றைக் கடக்கும்போது அவள் கண்கள் சிவந்திருந்தன.

பல்கலைக்கழகத்தில் வரிசைகள் நீளமாக இருந்தாலும் மதியத்துக்குள் வேலை முடிந்தது. விடுதி வாசலில், பதிவு செய்துகொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல், "அப்பா வரலையா?" என்று கேட்டார்.

தேன்மொழி, "டூட்டில இருக்காரு" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்த அம்மாளிடம், "நான் அவ அம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே போகும்முன் தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணும்னு சொல்லல மாமா. வாயில வந்துடுச்சு" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவி, "போ, போயி எடத்தப் பாத்துப் புடி" என்று அனுப்பினாள். வேம்புகள் நிறைந்த வளாகம். காற்றில் எந்த வாடையும் இல்லை. அக்கா இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்ததைக் கவனித்தேன்.

கீழவீதிக்கு வந்தோம். கோபுரம் எதிரே தெரிந்தது. கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"இந்த வருஷம் வேணாம்டா. உள்ள போவல. வீதிய மட்டும் ஒரு சுத்து நடக்கலாமா? புள்ளைய விட்டுட்டு நாம ரெண்டு பேரும் சுத்திட்டு வரலாம்னு சொல்லிட்டு இருந்தாரு."

நான்கு தேர் வீதிகளையும் நடந்தோம். பாத்திரக் கடைகள், பூக்கடைகள், வெயிலில் படுத்துக் கிடந்த மாடுகள். அக்கா நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில் அவர் சமைத்துக் கெடுத்த குழம்பு, தேன்மொழி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ்களை அவர் சிரிக்க வைத்தது. என் அக்கா இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேசுகிற வேலையை எல்லாம் மாமாவே பார்த்துக்கொண்டார் போல.

மேலவீதியில் ஒரு வளையல் கடை முன்னால் நின்றாள். கடையைப் பார்க்கவில்லை.

"கல்யாணமாயி இத்தன வருஷத்துல, அவுரு கூட இப்படிச் சும்மா நடந்ததே இல்லடா. எங்க போனாலும் வேலையாத்தான் போயிருக்கோம்."

 மிச்சமிருந்த வீதியை மெதுவாக நடந்தோம்.

மறுநாள் சேலத்துக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிறகு நானும் மனைவியும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது வழக்கம். காரியம் ஒன்றும் இருக்காது. பல நாள் பேசவும் மாட்டோம். அன்றைக்குப் பயணக் களைப்பில் இருக்கிறீர்களே, வேண்டாம் என்று அவள் சொன்னாள்.

"இல்ல, வா" என்றேன்.