நண்டுச் சதைக்கு வந்த தரச்சான்றிதழ்

“கை கழுவினா எழுது, கழுவ மறந்தா அதையும் எழுது, எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போடு. மறுகா நண்டை எப்ப மிஸ் உடைக்கிற?”

கேட்டது பாக்கியம். மாங்கேணியில் என் கணவரின் தம்பி சுதன் நடத்துகிற நண்டுச் சதை ஆலையில் தானும் நண்டு உடைத்துக்கொண்டு, தன்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பெண்களுக்கு மேற்பார்வையாளர். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றுகூடப் படாமல் சதையை எடுத்துப் பெட்டியில் அடுக்குவது அவர்கள் வேலை. அந்தச் சதை சுத்தமானது என்று கடதாசியில் நிரூபிப்பது என் வேலை. தரச்சான்றிதழ்த் தொழிலை ஒரு வரியில் சொல்வதானால், செய்கிறதை எழுதி, எழுதினதைச் செய்து, செய்ததை மறுபடியும் எழுதுவது. பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ பதிவேடு நிரப்பிக் கை உளைந்தவர்கள் இதை வாசித்தால், நான் சொல்ல வருவது பாதியிலேயே விளங்கிவிடும்.

எனக்குப் பதவி வந்த விதம்

நான் நாவற்குடாவில் சமைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் வளர்த்து அனுப்பிவிட்டு, தொலைக்காட்சியில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்த குடும்பப் பெண். ஒரு நாள் சுதன் ஒரு தடித்த கோப்போடு வந்து நின்றான். அடுத்த பருவத்திலிருந்து தரச்சான்றிதழ் இல்லாத ஆலையில் நண்டு வாங்குவதில்லை என்று வெளிநாட்டு வாங்குநர் எழுதிவிட்டாராம். கையேடு இங்கிலிசில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் கொன்வென்டில் படித்தது நான் மட்டும். அந்தக் குற்றத்துக்காக என்னை ‘முகாமைத்துவப் பிரதிநிதி’ ஆக்கினார்கள். அந்தப் பதவியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நண்டை உடைத்துவிடலாம்.

கொழும்பு ஆலோசகர் ஒரு மாதிரிக் கையேடு அனுப்பியிருந்தார். அது இறப்பர்க் கையுறை செய்கிற கம்பனியுடையது. கையுறை என்று வந்த இடமெல்லாம் நண்டு என்று மாற்றிவிட்டால் முடிந்தது என்று சுதனுக்கு நினைப்பு. நானும் அவசரத்தில் மாற்றினேன். தமிழில் பெயர்த்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் இருபத்தோராம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஒவ்வொரு நண்டும் காற்று ஊதி, ஓட்டை உண்டா என்று பரிசோதிக்கப்படும்.’ ஒருத்தியும் சிரிக்கவில்லை. பாக்கியம் மட்டும் கையை உயர்த்தி, அதுவும் மிக மரியாதையாகக் கேட்டாள்: “ஊதலாம் மிஸ். எந்தப் பக்கத்தால ஊதுற எண்டு மட்டும் ஒருக்காக் காட்டுங்க.”

அம்மாள் எந்தக் கட்டத்தில்

வேலை நின்ற நாட்களுக்கு ஒரு படிவம் உண்டு. மின்தடை, இயந்திரக் கோளாறு, மூலப்பொருள் தட்டுப்பாடு என்று மூன்று கட்டம். ஏதாவது ஒன்றில் சரி போட வேண்டும். வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. ஊரில் பாதிப் பேர் கையில் காப்புக் கட்டி விரதம். காப்புக் கட்டினவள் நண்டைத் தொடமாட்டாள், கட்டாதவளும் அந்த வாரம் தொடப் பயப்படுவாள். ஆலை ஏழு நாள் பூட்டிக் கிடந்தது. வாகரைப் பக்கத்தில் நண்டு தாராளமாகப் பட்டது. வாங்கத்தான் ஆளில்லை.

படிவத்தில் நாலாவது கட்டம் கிடையாது. மின்சாரம் இருந்தது, இயந்திரமும் நன்றாக இருந்தது. வேறு வழியில்லாமல் மூன்றாவதில் சரி போட்டேன். காப்பு அவிழ்த்து வேலைக்கு வந்த பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள். “அம்மாளைக் கொண்டுபோய் மூலப்பொருள் தட்டுப்பாட்டுக்குள்ள போட்டிருக்கீங்க. உங்களுக்குத்தான் காய்ச்சல் வரும், எங்களுக்கு இல்ல.”

அச்சடித்த மாதிரி

இந்த இடத்தில் என் பெருமையைச் சொல்ல வேண்டும். இதை நான் விரும்பிச் சொல்லவில்லை.

சதை வைக்கிற குளிர் அறையின் வெப்பநிலையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்த்துப் பெண்கள் பதிவேட்டில் எழுதுவார்கள். எழுதுகிற கை நண்டு உடைத்த கை. தாளெல்லாம் ஈரம், மஞ்சள் கறை, வெட்டுக் கொத்து. ஒருத்தியின் நாலு ஏணி மாதிரி இருக்கும், இன்னொருத்தியின் ஏழு கவிழ்ந்து கிடக்கும். எங்கள் கொன்வென்டில் எல்லாவற்றையும் முதலில் அழுக்குக் கொப்பியில் எழுதிப் பிறகு நல்ல கொப்பியில் ஏற்றுவோம். அழுக்குக் கொப்பியை சிஸ்டர் தொடவும் மாட்டார். அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறியது. வெள்ளிக்கிழமை தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடித்து, நீல மையில், கோடு பிசகாமல், ஓர் எண்ணும் மாற்றாமல் புதுப் பதிவேட்டில் எழுதுவேன். மணக்கிற பழைய தாள்களைப் பின்வளவில் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடுவேன். ஐந்து மாதம் இப்படி நடந்தது. சுதன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னான்: “அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு மச்சாள். வாறவர் பாத்தா வாயடைச்சுப் போவார்.”

தொப்பி

வந்தவர், சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளர். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசாதவர், தலையில் ஒரு மயிரும் இல்லை. நண்டு உடைக்கிற அறைக்குள் போகிற எவரும் வலைத்தொப்பி போட வேண்டும். அவர் பூட்ஸ் போட்டார், அங்கி போட்டார், கை கழுவினார், தொப்பியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே கால் வைத்தார்.

பாக்கியம் வாசலில் கையை நீட்டி மறித்துவிட்டாள். சுதன் பின்னால் நின்று கண்ணைக் காட்டுகிறான், விடு விடு என்று. அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. “முடி இருக்கா இல்லையா எண்டு கையேட்டில கேக்கல்ல ஐயா. தலை இருந்தா தொப்பி.”

மூக்கு

கணக்காய்வாளர் தொப்பியைப் போட்டுக்கொண்டார், கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார். இங்கிலிசில் கேட்பார், நான் மொழிபெயர்ப்பேன். உங்கள் ஆலையின் தரக் கொள்கை என்ன என்று பாக்கியத்திடம் கேட்டார். நான் எழுதிச் சுவரில் ஒட்டி, மூன்று வாரம் பாடமாக்க வைத்த கொள்கை. அவள் சுவரைப் பார்க்கவேயில்லை. “பழுதானதை மூக்கு சொல்லும். ஒருத்திக்கு மூக்கு சொல்லாட்டி அவ வேலைக்கு வரக்கூடா” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு, தொடர்ச்சியான மேம்பாடு, அனைத்து ஊழியரின் பங்களிப்பு என்று நல்ல இங்கிலிசில் நாலு வரி. சொல்லி முடிய அவர் தலையை ஆட்டினார். பிறகு தமிழில், மெதுவாகச் சொன்னார். ஆறு வருசம் கல்முனையில் வேலை செய்தவராம், எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. “மேடம், அவங்க மூக்கு எண்டுதானே சொன்னாங்க. நீங்க சொன்னதில மூக்கே இல்லையே.”

நல்ல கொப்பி

பின்னேரம் பதிவேடுகளைக் கேட்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன். ஐந்து மாதப் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, பரீட்சைப் புள்ளிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுப் பக்கத்தைப் பார்த்தார், விரலால் தாளைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோனார். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை. முப்பத்திரண்டு பேரில் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அசல் எங்கே என்றார். கொளுத்திவிட்டேன் என்றேன். அதை இங்கிலிசில் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து, ‘பெரிய குறைபாடு’ என்ற கட்டத்தில் எழுதினார். மூன்று மாதத்தில் திரும்ப வருவார். அதுவரை சான்றிதழ் இல்லை. வாங்குநர் கொடுத்த தவணையும் ஏறத்தாழ அந்த மூன்று மாதம்தான். ஓர் எண்ணும் மாற்றவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “நண்டு உடைக்கிற இடத்தில ஒரு சொட்டுத் தண்ணி படாத கொப்பி மேடம் இது. நீங்க நல்லவங்களா இருக்கலாம். கொப்பி நல்லது இல்ல.”

வேனுக்குள்

ஆலை மூடினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நாவற்குடாவுக்குப் போய்ச் சமைப்பேன். அந்தப் பெண்களுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. பாக்கியம் ஏழு வருசம் குவைத்தில் வீட்டு வேலை செய்து, போதும் என்று வந்தவள். போகும்போது மகள் மூன்றாம் வகுப்பாம், வந்து இறங்கும்போது பெரியபிள்ளையாகியிருந்தாளாம். ஆலை போனால் மறுபடியும் விசா அலுவல் பார்க்க வேண்டும் என்று, மரக்கறி விலை சொல்கிற குரலில் ஒரு தரம் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு எல்லாரையும் வீட்டில் இறக்குகிற வேனில் நானும் இருந்தேன். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். மன்னிப்புக் கேட்கத்தான் வராது. ஆனாலும் என் பிழைதான் என்று சொன்னேன். பாக்கியம் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாங்க ஊத்தையா எழுதினாலும் உண்மையைத்தான் எழுதினம் மிஸ். நீங்க அதைத் தோச்சுக் காயப்போட்டுட்டீங்க.”

ஒன்பது

அதன்பிறகு பதிவேட்டை நான் தொடுவதில்லை என்று தீர்மானம். கவிழ்ந்த ஏழைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கடினம் என்று என்னைப் போல வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் குளிர் அறை இயந்திரம் நின்றுவிட்டது. வெப்பமானி நாலைத் தாண்டக்கூடாது. பாக்கியம் பார்க்கும்போது ஒன்பது. எவ்வளவு நேரமாக அப்படி என்று தெரியாது. அவள் ஒன்பது என்று எழுதினாள். கையேட்டின்படி உள்ளே இருந்த சதை முழுவதும் கழிவு, விடியற்காலையிலிருந்து முப்பத்திரண்டு பேர் உடைத்தது.

சுதன் ஓடிவந்தான். இன்னும் ஐஸ் மாதிரித்தானே இருக்கிறது, ஒரு பெட்டியும் மணக்கவில்லையே என்றான். பிறகு குரலை இறக்கி, “ஒன்பதை மூண்டெண்டு எழுதினா ஆருக்கு என்ன பாக்கியக்கா” என்றான். உண்மையைச் சொன்னால், நானும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சான்றிதழ் கிடைக்காவிட்டால் போவது அவளுடைய வேலை, என்னுடையது அல்ல. அவள் பேனையை மூடிச் சட்டைக்குள் செருகினாள். சதைப் பெட்டிகளைத் தானே தூக்கிக் கழிவுத் தொட்டியில் கொட்டினாள், கொட்டினதையும் எழுதினாள். “ஒன்பதை மூண்டெண்டு எழுதத் தெரிஞ்சா நான் ஏன், சேர், நண்டு உடைக்கிறன். எங்கயாவது கந்தோரில பேனை பிடிச்சிருப்பனே.”

அவர் தேடியது

மூன்றாம் மாத முடிவில் கணக்காய்வாளர் வந்தார், கேட்காமலே தொப்பி போட்டார். பதிவேட்டைத் திறக்க, ஒட்டிக்கிடந்த இரண்டு தாள் பிய்ந்து வந்தது. கறை, ஏணி நாலு, கவிழ்ந்த ஏழு. ஓரிடத்தில் நண்டுக் கால் ஒன்று தட்டையாகிக் கிடந்தது, அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது வந்த பக்கத்தில் நிறுத்தினார். யார் எழுதியது என்று கேட்க, பாக்கியம் முன்னுக்கு வந்தாள். சதை எங்கே போனது என்றார். கொட்டின நேரம், கொட்டினவள் பெயர், கீழே கையெழுத்து எல்லாவற்றையும் விரலால் காட்டினாள். சுதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கணக்காய்வாளர் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். “ஒரு நாளும் ஒண்டும் பிழைக்காத ஆலை உலகத்தில இல்ல. நான் இந்த ஒன்பதைப் பாக்கத்தான் வந்தன்.”

சட்டம்

சான்றிதழ் தபாலில் வந்தது. சுதன் வாழைச்சேனையில் கொடுத்துத் கண்ணாடியும் தங்க நிற ஓரமுமாகச் சட்டம் போட்டுவந்தான். நண்டு உடைக்கிற அறையில் மாட்ட ஆணியும் சுத்தியலுமாகப் போனால், அறைக்குள் கண்ணாடிப் பொருள் எதுவும் வரக்கூடாது என்று கையேடு சொல்கிறது. கையேட்டை எழுதியது நான். ஆகவே சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றேன். வாங்குநரின் புதுப் பருவத்துக்கு முதல் பெட்டிகள் அன்றைக்குப் போக வேண்டும். விடியவே மூன்று தோணி நண்டு இறங்கியிருந்தது. முப்பத்திரண்டு வலைத்தொப்பிகளும் மேசைக்கு மேல் குனிந்திருந்தன, பாக்கியத்தினுடையது முன்வரிசையில்.

இத்தனை மாதத்தில் நான் கண்டது, சுத்தமான வேலைக்கு ஊத்தையான கொப்பிதான் சாட்சி என்பதும், அதை விளங்கிக்கொள்ள எனக்குப் படிப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று என்பதும்தான்.

“எல்லாரும் வேண்டாம்” என்றேன் வாசலில் நின்று. “ஒருத்தியாவது ஒருக்கா நிமிர்ந்து பாருங்களன்.”