வெறுங்கையோடு ஒரு நடை

வலது கண்ணில் புரை. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தையல் மெஷினை மூடி வைத்திருந்தேன். சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று ராமநாதபுரத்துக் கண் டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடக்க வேண்டுமாம். எத்தனையோ வருஷமாக ஊருக்கே ஜாக்கெட் தைத்தவள் நான். மெஷின் ஓடாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. நடக்கிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட வேகம். "மோட்டிவேஷன்தான் முக்கியம்" என்று அன்று மாலையே ஷூ வாங்கி வந்தார். எனக்கில்லை, அவருக்கு. முதல் நாள் என்னோடு நடந்து, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். வாரம் முடிவதற்குள் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் அவர் படுத்துக்கொண்டே 'விடியுமுன் எழு, வெற்றி உனதே' என்று குரூப்புக்கு அனுப்புவார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். எனக்கு ஒரு உற்சாகமும் வந்ததில்லை. முக்கால்வாசி நாள் எரிச்சலோடுதான் எழுந்தேன். ஆனாலும் எழுந்தேன்.

அக்காள்மடத்து ரோட்டில் ஒரு பொம்பளை வெறுங்கையோடு நடந்தால் யாருக்கும் பொறுக்காது. பைக் நிற்கும். "சித்தி, ஏறுங்க, எறக்கி விடுறேன்." ஷேர் ஆட்டோ நிற்கும். மீன் விற்கப் போகிறவள் கூடையை இறக்கிவைத்தே கேட்டாள்: "என்ன மதினி, வீட்ல சண்டையா? கோவிச்சுக்கிட்டு கெளம்பிட்டீகளா?" சர்க்கரைக்கு நடக்கிறேன் என்றால் சிரிப்பு. இதே ரோட்டில் பேரன் எடுத்த ஆம்பளைகள் கையை வீசி நடக்கிறார்கள். அவர்களை ஒருத்தர் நிறுத்திக் கேட்டதில்லை.

ஒருநாள் தங்கச்சிமடம் மாதா கோயிலில் ஏற்றலாம் என்று மெழுகுவர்த்திக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்திருந்தேன். எந்த வண்டியும் நிற்கவில்லை. ஆட்டோக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். நேர்ச்சைக்காக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்களாம். சரி, தொல்லை விட்டது என்று தினமும் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். "அண்ணனுக்காக நேந்துக்கிட்டு நடக்குறீகளாமே, அவரு குடுத்து வச்சவரு" என்று அதே மீன்காரி சொன்ன அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கண், என் கால், என் சர்க்கரை. இதில் என் வீட்டுக்காரர் எங்கே வந்தார்?

சர்க்கரை இறங்கியது. டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். குறித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த இவரைப் பார்த்து, "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க சார்" என்றார்.

இவர் கொஞ்சம்கூட நெளியவில்லை. "டெய்லி மோட்டிவேட் பண்ணிக்கிட்டே இருப்பேன் டாக்டர்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் பாலம் தாண்டி எங்கள் ஊருக்கு முன்னாலேயே பாம்பனில் நின்றதும் எழுந்து, பையிலிருந்த மெழுகுவர்த்திக் கட்டை அவர் மடியில் வைத்தேன்.

"நேர்ச்சை உங்களுக்குத்தானாம். நீங்களே வச்சுக்கங்க. நான் நடந்து வாரேன்."

"இந்த வெயில்லயா? பாக்குறவுக என்ன நெனைப்பாக?"

இறங்கிவிட்டேன். பஸ் என்னைத் தாண்டிப் போனது. கையை வீசி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. "சித்தி, வெறுங்கையோட எங்கன போறீக?"

"எங்கயும் போகல. என் கண்ணுக்கு நடக்குறேன், வேற யாருக்கும் இல்ல. நீ போ" என்றேன்.