வெயிலில் இருக்க வேண்டிய தோட்டா

துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை என்றதும் ஊரில் என்னைக் காவல்காரன் என்று நினைத்துவிட்டார்கள். அமீரகத்தில், அல் ஐனில் நான் செய்வது, காகிதத்தில் விழுந்த ஓட்டைகளை அளப்பது. ஐந்து முறை சுட்டால் ஐந்து ஓட்டை. அவை நெருக்கமாக விழுந்தால் தோட்டா சீராக இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அளந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால் என் மனைவி செல்விக்கே சிரிப்பு வருகிறது.

கிளப் உறுப்பினரான உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அர்பாப் என்று மரியாதையாக அழைப்போம். கடைத் தோட்டாவைத் தொடமாட்டார். கிளப்பில் அதற்கென்று அனுமதி பெற்ற அறையில் உட்கார்ந்து, வெடிமருந்தை எடைபோட்டுத் தானே நிரப்புவார். போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. கடைசிச் சோதனைக்காக, ஒரே மாதிரி நிரப்பிய இரண்டு டப்பாக்களை வெளியே மேசையில் வைத்தார். தொடாதே என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மேசைமேல் வெயில் ஏறியது. சிவகாசிப் பக்கம் பன்னிரண்டு வருடம் பட்டாசு ஆலையில் இருந்தவன் நான். காய்ந்த மருந்து வெயிலில் கிடந்தால் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லாமலே கை நீளும். ஒருநாள் நீளத் தாமதமானது; மருந்து பற்றிக்கொண்டது. என் மச்சான் இன்றைக்கும் இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வெளியே போகிறான். ஒரு டப்பாவை ஏசி அறைக்குள் வைத்தேன். மற்றதை எடுப்பதற்குள் மேனேஜர் இலக்குக் காகிதம் ஒட்டக் கூப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, அர்பாப் வருவதைப் பார்த்து, சத்தமில்லாமல் டப்பாவைத் திரும்ப வைத்தேன்.

அர்பாப் சுட்டார். முதல் டப்பாவில் ஐந்தும் ஒரு காசளவுக்குள் விழுந்தன. அடுத்த டப்பாவில் ஐந்தும் நாலு விரல் கீழே. மருந்து குளிர்ந்தால் குண்டின் வேகம் குறையும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. போட்டி நடப்பதும் வெயிலில்தான்; அதற்காகத்தான் டப்பாக்களை வெளியே வைத்திருக்கிறார். அர்பாப் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாத் கராப், பாய். கலாஸ்," என்றார். மருந்து நிறுக்கிற கை போய்விட்டதாம், அவ்வளவுதானாம். போட்டியிலிருந்து பெயரை எடுக்க போனைக் கையில் எடுத்தார்.

விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த விரல்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அர்பாப், ஹாத் அச்சா. ஏ டப்பா மே ஏசி மே ரக்கா." கை நன்றாகத்தான் இருக்கிறது, இந்த டப்பாவை ஏசியில் வைத்தது நான் என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்.

ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். ஏசி அறைக்கு அழைத்துப்போய், டப்பா வைத்த இடத்தைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"க்யோன்? துமாரா முல்க் மே கர்மி மாஃபி?"

எங்கள் நாட்டில் வெயிலே கிடையாதா என்கிறார். மச்சான் கையை எந்தப் பாஷையில் சொல்வது? என் கையை முழங்கைவரை தடவிக் காட்டி, "பாரூத். ஆக்," என்றேன். வெடிமருந்து, நெருப்பு; அவ்வளவுதான் தெரியும். அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "புக்ரா," என்றார். நாளைக்கு மறுபடியும் சோதனை.

மறுநாள் இரண்டு டப்பாவையும் என் கையாலேயே வெயிலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அப்போது செல்வி போன் செய்தாள். அவள் இன்னும் அதே ஆலையில்தான் இருக்கிறாள்.

"இங்க வெயில் ஏறிருச்சு. மருந்த உள்ள எடுத்து வைக்கணும், போன வச்சிரட்டா?"

"சூதானமா எடு தாயி," என்றேன். போனை வைத்த பிறகும், டப்பா பக்கம் நீளாதபடி கைகளைக் கட்டிக்கொண்டு மேசைப் பக்கத்திலேயே நின்றேன்.